மருந்து டப்பாவில் இருக்கிற மண்டை ஓடு யாருக்குப் புரிகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் குறியீடுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒலிம்பிக் போட்டிப் படங்கள், விமான நிலையத்துக் கழிப்பறைப் படம், மெக்சிகோ சிட்டி மெட்ரோவில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக நிலையத்துக்கு ஒரு படம் வைத்த கதை என்று நல்ல தகவல்கள் இருந்தன. ஆனால் படம் போட்டுவிட்டால் எந்த ஊர்க்காரருக்கும் தானாகவே புரிந்துவிடும் என்று முடித்திருந்தார்களே, அதைத்தான் என்னால் அப்படியே விட முடியவில்லை. நாங்கள் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம். தானாகப் புரியாத ஒரு படத்தை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு பருவத்திலும் வேலை செய்கிறோம்.

பூச்சிமருந்து டப்பாவைச் சொல்கிறேன். அடுத்த முறை கையில் கிடைத்தால் பாருங்கள். ஒரு சதுரத்தை மூலையில் நிற்க வைத்த மாதிரி ஒரு கட்டம் இருக்கும், மேல் பாதி வெள்ளை, கீழ்ப் பாதியில் ஒரு நிறம். 1971ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லி விதிகள்படி சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, அதற்கு அடுத்தது மஞ்சள், நடுத்தரம் நீலம், குறைவு பச்சை. மருந்துப் பெயரில் சொன்னால், பூச்சிக்கு அடிக்கிற மானோகுரோட்டோபாஸ் சிவப்பு, களைக்கொல்லியான பாராகுவாட் மஞ்சள், பூச்சிக்கு அடிக்கிற மாலத்தியான் நீலம், பூஞ்சைக்கு அடிக்கிற மான்கோசெப் பச்சை. சோதனை விலங்குகளில் பாதி செத்துப்போக, உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை போதும் என்றால் சிவப்பு, 5000க்கு மேல் வேண்டும் என்றால் பச்சை. இதுதான் கணக்கு. இது வேளாண் படிப்பு படித்தவருக்குத் தெரியும், கடைக்காரருக்குத் தெரிய வேண்டும், ஆனால் முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு வரப்பில் நடக்கிறவருக்கு யார் சொன்னார்கள்?

இன்னொன்றையும் கவனியுங்கள். மண்டை ஓடும் குறுக்கெலும்பும் சிவப்புக்கு மட்டும்தான். மஞ்சளில் 'விஷம்' என்ற சொல், நீலத்தில் 'அபாயம்', பச்சையில் 'எச்சரிக்கை', அவ்வளவுதான், படமே கிடையாது. அப்படியென்றால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கு மிஞ்சுவது வெறும் நிறம். பாராகுவாட் உள்ளே போய்விட்டால் அதற்கென்று ஒரு முறிமருந்து இன்றுவரை இல்லை, அந்த டப்பாவில் மண்டை ஓடும் இல்லை.

நிறம் என்ன சொல்கிறது என்றாவது பொதுவாகத் தெரியுமா என்றால், அதுவும் சிக்கல்தான். பிஸ்கட் பாக்கெட் முதல் மசாலாப் பொடி வரை பச்சைப் புள்ளி என்றால் சைவம், சாப்பிடலாம் என்று நம் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. அதே கண்ணால்தான் மருந்து டப்பாவையும் பார்க்கிறோம். எங்கள் பக்கத்துக் காட்டில் மருந்து கலக்கிக் கொடுக்கிற ஒரு அம்மா, வெறுங்கையை முழங்கை வரை வாளிக்குள் விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். உறை போட்டுக்கங்கம்மா என்றேன். டப்பாவைத் திருப்பிக் காட்டி, "பச்சைதானே தம்பி போட்டிருக்கான், இது ஒண்ணும் பண்ணாது" என்றார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவருக்குத் தெரிந்த பச்சையை அவர் சரியாகத்தான் படித்தார். உடனே உயிரை எடுக்காது என்பதைத்தான் அந்தப் பச்சை சொல்கிறது, வருஷக்கணக்கில் தோலிலும் மூச்சிலும் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு அது பதில் சொல்வதில்லை.

அந்த மண்டை ஓடாவது எல்லோருக்கும் புரியுமே என்பீர்கள். 1971ஆம் வருஷம் ஈராக்கில் நடந்ததைச் சொல்கிறேன். வறட்சிக்குப் பிறகு விதைக்கக் கோதுமையும் பார்லியும் கிட்டத்தட்ட 95 ஆயிரம் டன் இறக்குமதி செய்தார்கள். பூஞ்சை பிடிக்காமல் இருக்க மெத்தில் பாதரசம் கலந்த விதை, சாப்பிடக் கூடாது என்பதற்காகச் சாயமும் ஏற்றியிருந்தது. மூட்டைகளில் எச்சரிக்கை ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் இருந்தது, அரபியில் இல்லை, மண்டை ஓடு போட்டிருந்த மூட்டைகளும் உண்டு. அந்தப் படம் அங்கிருந்த விவசாயிகளுக்கு எதையும் சொல்லவில்லை. பல இடங்களில் விதைப்பு முடிந்த பிறகுதான் மூட்டையே வந்து சேர்ந்தது, வீட்டில் சாப்பாட்டுக்கு இல்லை, கழுவினார்கள், சாயம் போனது, விஷமும் போய்விட்டது என்று நினைத்தார்கள். கோழிக்குப் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு, கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அந்தப் பாதரசம் வேலை காட்ட வாரக்கணக்கில் ஆகும். ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் 6,530 பேர், அங்கே இறந்தவர்கள் 459 பேர். இது அரசுக் கணக்கு மட்டும். மூட்டையில் படம் இருந்தது, அதை யாரும் போய்ச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம், அதற்கு இத்தனை உயிர்.

இதையெல்லாம் யோசித்துச் செய்தவர்களும் இருக்கிறார்கள். கதிர்வீச்சுக்கு மூன்று இதழ் மாதிரி ஒரு சின்னம் உண்டே, 1946இல் அமெரிக்காவின் பெர்க்லியில் வரைந்தது, அது விஷயம் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் பயத்தைக் கொடுக்கிறது என்று சர்வதேச அணுசக்தி முகமை உணர்ந்து, புதிதாக ஒன்றை உருவாக்கியது. சும்மா வரைந்து அனுப்பிவிடவில்லை. இந்தியா உட்பட 11 நாடுகளில் 1,650 பேரிடம் காட்டி, இதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று கேட்டார்கள். அப்புறம்தான் 2007இல் சிவப்பு முக்கோணம் வந்தது: மேலே அந்த மூன்று இதழிலிருந்து பாய்கிற கதிர்வீச்சு, கீழே ஒரு பக்கம் மண்டை ஓடு, மறுபக்கம் ஓடுகிற மனிதன். படிக்காதவரும் அதைப் பார்த்தால் விலகி ஓட வேண்டும் என்பதுதான் நோக்கம். 2010இல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைக்கு வந்த ஒரு கருவிக்குள் கதிர்வீச்சு வீசுகிற கோபால்ட் இருந்து ஒருவர் இறந்தாரே, அந்த மாதிரிக் கடைகளில் கருவியைப் பிரிப்பவர்களின் கண்ணில் பட வேண்டும் என்றுதான் அந்தச் சின்னத்தைக் கருவியின் உள்பக்கத்தில் ஒட்டச் சொல்கிறார்கள்.

நம் ஊரிலும் சின்னத்தைப் பழக்கத் தெரியாமல் இல்லை. 1951-52 முதல் பொதுத்தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு சின்னம் என்று வைத்து, எழுத்தே தெரியாத கோடிக்கணக்கான பேரை ஓட்டுப் போட வைத்தோம். இன்றைக்கும் உதயசூரியனும் இரட்டை இலையும் தெரியாத பாட்டி யாராவது உண்டா? அது தானாகப் புரிந்ததா? சுவரில் வரைந்தார்கள், நோட்டீஸ் கொடுத்தார்கள், வீடு வீடாக வந்து மாதிரி இயந்திரத்தைக் காட்டி இந்த இடத்தில் அழுத்துங்கள் என்றார்கள். ஒரு மாசம் ஊரே அதுதான் பேச்சு. ஓட்டுக்கு எடுத்த சிரமத்தில் கால்வாசி, தினமும் மருந்தை மூச்சில் வாங்குகிறவர்களுக்காக ஏன் எடுக்கக் கூடாது? 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்த 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகும் நாம் அந்தக் கட்டத்தை அப்படியே வைத்திருக்கிறோம் என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன். நாலு நிறத்துக்கும் நாலு படம் வேண்டும், குறைந்தது மஞ்சளுக்காவது உடனே வேண்டும். அந்தப் படங்களை அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்யாமல், களை எடுக்கிற, மருந்து கலக்குகிற பெண்களிடம் காட்டிக் கேட்டுவிட்டு அச்சடிக்க வேண்டும். ஒவ்வொரு மருந்துக் கடை வாசலிலும் அந்த நாலு கட்டங்களையும் பெரிதாகத் தமிழ் விளக்கத்தோடு வைக்கச் சொல்லலாம், ஒரு போர்டு என்ன பெரிய செலவு? டப்பாவுக்குள் மடித்து வைக்கிற அந்தத் தாளில் பல மொழிகளையும் திணித்து எறும்பு சைஸில் அடிப்பதை யாரும் படிப்பதில்லை, நானே கண்ணாடி போட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பாதுகாப்பாக மருந்து அடிப்பது எப்படி என்று கிராமத்தில் கூட்டம் போடும்போது நிலத்துக்காரரை மட்டும் கூப்பிடாமல் கூலிக்கு அடிக்கிறவர்களையும் கூப்பிடுங்கள், அன்றைய கூலியையும் கொடுங்கள், இல்லாவிட்டால் வர மாட்டார்கள், வரவும் முடியாது.

கடைசியாக ஒன்று. சில இடங்களில் முழு டப்பா வாங்கப் பணம் இல்லாதவருக்குத் தண்ணீர் பாட்டிலிலும் குளிர்பான பாட்டிலிலும் அரை லிட்டர், கால் லிட்டர் என்று ஊற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை, மண்டை ஓடும் இல்லை, வீட்டில் பிள்ளைகள் இருக்கிற அலமாரியில்தான் போய் உட்காருகிறது. சிறு விவசாயி வாங்குகிற அளவிலேயே சீல் வைத்த சின்ன டப்பாக்கள் எல்லாக் கடையிலும் கிடைக்கும்படி செய்யுங்கள், உதிரி விற்பனையைக் கடைக்கடையாகப் போய் நிறுத்துங்கள் என்று வேளாண் துறையை உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மாவட்ட நிருபர்களை ஒருமுறை பருத்திக்காட்டுக்கு அனுப்பி, அங்கே இருக்கிறவர்களிடம் இந்தக் கட்டத்தைக் காட்டி என்ன புரிகிறது என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
பெரம்பலூர் மாவட்டம்