மடங்கைப் பார்த்து ஸ்கோப் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நியூசிலாந்தில் மான் வேட்டைக்குக் கிளம்பும் தமிழர்களுக்கு ஒரு வாசகர் எழுதிய யோசனைகளை உங்கள் வெளிநாட்டு வாசகர் பகுதியில் படித்தேன். துப்பாக்கி உரிமம், காட்டிலாகா அனுமதி பற்றியெல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறார். ஆனால் துப்பாக்கியின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை, 24 மடங்கு பெரிதாக்குவதாகத்தான் வாங்க வேண்டும் என்று அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தியாவில் 1972 சட்டப்படி வேட்டை குற்றம். இங்கே நிலைமை வேறு. மான் இந்த மண்ணின் விலங்கே அல்ல. 19ஆம் நூற்றாண்டில் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். இன்று காட்டின் இளஞ்செடிகளைத் தின்று தீர்க்கிறது. அதனால் வேட்டையில் தவறில்லை. ஆனால் சுடும் விலங்கை வதைக்காமல் சுட வேண்டும்.

நான் இருப்பது தெற்குத் தீவின் மேற்குக் கரையில், ஹோகிடிகா பக்கம் ஒரு பால் பண்ணையில். சென்னையில் ஓராண்டில் பெய்யும் மழையைப் போல இங்கே இரு மடங்கு பெய்யும். வழுக்குப் பாறை, முழங்கால் ஆழ ஆறு, ஆளை இழுக்கும் புதர் எல்லாம் தாண்டித்தான் மானிடம் போக முடியும். ரைஃபிள் எங்காவது இடிபட்டே தீரும். அப்படி இடிபட்ட பிறகும் குறி மாறாமல் இருக்கிறதா என்பதுதான் ஸ்கோப்பிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

ஸ்கோப்புக்குள் ஒரு சிறு குழாய் இருக்கிறது. குறியைச் சரிசெய்யும் திருகுகள் ஒரு பக்கம் அதைத் தள்ள, மறுபக்கம் ஒரு ஸ்பிரிங் தாங்கிப் பிடிக்கிறது. அந்த ஸ்பிரிங் பலவீனமானால் ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி உதைக்கிற உதையில் குறி நகரும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. நெஞ்சில் பட வேண்டிய தோட்டா வயிற்றில் பட்டு, மான் புதருக்குள் ஓடி மணிக்கணக்கில் துடித்துச் சாகும்.

சரி, 24 மடங்குக்கு வருவோம். முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸில் 24 மடங்கு வைத்தால் 2 மி.மீ. சொச்சம்தான். 40 மி.மீ. லென்ஸில் 6 மடங்கு வைத்தால் ஏறக்குறைய 7 மி.மீ. கற்றை குறுகினால் மங்கிய வெளிச்சத்தில் காட்சி இருண்டுபோகும். மான் வெளியே வருவதோ அந்தி மயங்கும் நேரத்தில். மடங்கைக் குறைத்துக்கொள்ளலாமே என்பார்கள். குறைக்கலாம், எடை குறையாதே! கனமான ஸ்கோப் உதையின்போது, அதைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் ரிங்குகளையும் கூடுதலாக இழுக்கும். உயர மலைத் திறந்தவெளியில் டார் எனும் காட்டு மலையாட்டைத் தேடுபவருக்குக் கூடுதல் மடங்கு உதவும். காட்டுக்குள் பெரும்பாலும் 100 மீட்டருக்குள்தான் சுடுகிறோம். அதற்கு 3 முதல் 9 மடங்கு, 40 மி.மீ. லென்ஸ் தாராளம்.

வாங்கியதும் அதைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வெளியே எடுங்கள். மேலே படியும் ஈரம் துடைத்தால் போய்விடும். உள்ளே ஆவி படிந்தால், ஸ்கோப்புக்குள் அடைத்திருக்கும் நைட்ரஜன் வாயு கசிந்து ஈரக்காற்று புகுந்திருக்கிறது. கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் சுடும் மைதானத்தில் குறித் திருகுகளை 20 கிளிக் (திருகின் ஒரு சிறு படி) மேலே, 20 வலது, 20 கீழே, 20 இடது என்று திருகி ஒவ்வொரு நிலையிலும் சுடுங்கள். கடைசித் தோட்டா முதல் துளையின் பக்கத்தில் வந்து விழ வேண்டும். ரிங் ஸ்க்ரூக்களைக் கைப்பதத்துக்கு விடாமல் இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். ஸ்கோப்பின் மேல் சொல்லப்படும் பழி பல நேரம் தளர்ந்த ரிங்குக்கு உரியது.

மிச்சமாகும் பணத்தில் ஒரு பைனாகுலர் வாங்குங்கள். மான் இருக்கிறதா என்று ஸ்கோப் வழியாகத் தேடும்போது துப்பாக்கி முனையும் அதே திசையில் திரும்புகிறது. மான் என்று நினைத்து மனிதரைச் சுட்டுக் கொன்ற சம்பவங்கள் இந்த நாட்டில் நடந்திருக்கின்றன. அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் இதையும் படிக்கும்படி, அதே பகுதியில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஹோகிடிகா, நியூசிலாந்து