அபர் என்றால் இறக்கம்: போர்த்கைனில் ஓட்டப் பாதைத் துண்டறிக்கை தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

நீங்கள் அச்சிடப் போகும் துண்டறிக்கையின் வரைவு கைமாறிக் கைமாறி என்னிடமும் வந்து சேர்ந்தது. வேல்ஸின் மேற்குக் கரையில் நம் போர்த்கைன் துறைமுகத்திலிருந்து புறப்படும் மூன்று ஓட்டப் பாதைகள். ஒவ்வொன்றுக்கும் மைல் கணக்கு, நிமிடக் கணக்கு, பக்கத்தில் ‘எளிது’, ‘நடுத்தரம்’, ‘கடினம்’ என்று பச்சை, மஞ்சள், சிவப்புப் பொட்டுகள். படங்கள் அருமை. அந்தப் பொட்டுகளை அழித்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. வெல்ஷ் மொழியில் வணக்கம் சொல்லி மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசும் அளவுக்குத்தான் தேறியிருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் என் கோபம் தானாகவே மரியாதையாகிவிடுகிறது. ஆங்கிலப் படியைத் தனியே தருகிறேன். தவிர, கார்டிஃபிலிருந்தும் சுவான்சியிலிருந்தும் விடுமுறைக்கு இந்தப் பக்கம் வரும் தமிழர்களும் இதைப் படிக்கட்டுமே.

இங்கு வந்த முதல் ஆண்டில் நானும் ஒரு பழைய துண்டறிக்கையை நம்பி ஓடினேன். பக்கத்துக் கடலோர ஊரான அபரைதி வரை 2 மைல், எளிது என்று போட்டிருந்தது. மூன்று கிலோமீட்டரும் கொஞ்சமும்; பூங்காவில் என்றால் இருபது நிமிட வேலை. துறைமுகத்தை ஒட்டிய செங்குத்துப் படிகளை ஏறி முடித்தபோதே மூச்சு முட்டியது. மேலே போனதும் காற்று மார்பில் கை வைத்துத் தள்ளியது. தலையைக் குனிந்துகொண்டு ஓடியவன் முயல் வளை ஒன்றில் கால் மாட்டி, மஞ்சளாகப் பூத்திருந்த முள்புதரில் போய் விழுந்தேன். கோர்ஸ் என்கிறார்கள் அந்தப் புதரை. அதன் பூவுக்குத் தேங்காய் வாசனை உண்டு என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். முகம் முழுக்க முள், மூக்கு நிறையத் தேங்காய். நொண்டி நொண்டி அபரைதி போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது.

பெம்புரோக்ஷயர் கரையோரப் பாதை 1970இல் திறக்கப்பட்டது. நீளம் 299 கிலோமீட்டர். அதன் ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 10,600 மீட்டருக்குக் குறையாது. எவரெஸ்ட்டையே மிஞ்சுகிற கணக்கு. 2012 முதல் அது வேல்ஸின் கரை நெடுகச் செல்லும் 1,400 கிலோமீட்டர் பாதையின் ஒரு பகுதியும்கூட. இப்படிப்பட்ட வழிக்குத் தூரத்தை மட்டும் சொல்வது, மாடிப்படி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று தரையை அளந்து சொல்வதுபோல.

ஏற்ற இறக்கத்துக்குக் கோட்டுப்படம் ஒன்று சேர்த்துவிடுகிறோம் என்பீர்கள். தேவையில்லை. அது ஊர்ப் பெயர்களிலேயே இருக்கிறது. அபர் என்றால் ஓடை கடலில் சேரும் இடம். ஓடை வந்து சேர்கிறது என்றால் அங்கே பாறைச் சுவர் பிளந்து பள்ளமாகியிருக்கும். பாதை அங்கே இறங்கும், இறங்கிய கையோடு ஏறும். அபரைதி, அபர்வெலின், அபர்காசில் என்று நம் பக்கத்தில் மூன்று அபர்கள். மூன்று முறை முழங்காலுக்கு வேலை. பென் என்றால் தலை, முனை. பென்க்ளெகிர், பாறைகளின் தலை. அங்கே ஒதுங்க மறைப்பே கிடையாது. போர்த் துறை, ட்ரைத் மணற்கரை. இந்த நான்கு சொற்களைப் பொருளோடு முதல் பக்கத்தில் அச்சிட்டுவிட்டால், எங்கே இறங்கி எங்கே ஏற வேண்டும் என்பதை வெளியூர்க்காரர் வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். மேட்டூர், பள்ளத்தூர் என்று பெயரிலேயே நிலத்தைச் சொல்லிவிடும் நாட்டிலிருந்து வந்த எனக்கு இது உறைக்க ஒரு முள்புதர் தேவைப்பட்டதுதான் வெட்கம்.

உங்கள் வரைவிலோ பாதிப் பெயர்களைக் காணோம். பென்க்ளெகிர் ‘வியூ பாயின்ட் 2’ ஆகிவிட்டது. உச்சரிக்கக் கடினம் என்று விட்டீர்களோ? பக்கத்து மணற்கரையின் பெயரை ட்ரைத் ஹ்லிவ்ன் என்று நான் எழுதுவதும் தப்புதான். நாக்கின் இரு ஓரங்களிலும் காற்றை விட்டுச் சொல்லும் அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை. எங்கள் ழகரத்தை நீங்கள் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், கணக்கு நேராகிவிடும்.

இனிப் பாதைகளுக்கு வருகிறேன். முதலாவது, துறைமுகத்திலிருந்து கடலோரமாக அபரைதி போய், அங்கிருந்து வயல் வழியாகத் திரும்புவது. பாதை சரி, திசைதான் தவறு. இந்தக் கரையில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருகிறது. அபரைதி இருப்பதும் தென்மேற்கில்தான். அதாவது, உடம்பு சூடேறுவதற்கு முன்பே படியில் ஏற்றி, எதிர்காற்றில் பாறை விளிம்போடு ஓட விடுகிறீர்கள். அதை அப்படியே திருப்பிப் போடுங்கள். முதலில் வயல் வழி; மண்ணும் கல்லும் சேர்த்துக் கட்டிய வேலிகள் காற்றை மறைத்துக்கொள்ளும். கன்றோடு பசுக்கள் நின்றால் ஓட்டத்தை நிறுத்திச் சற்று விலகி நடக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அபரைதியில் மணல் கறுப்பு. அங்கே கிடக்கும் கறுப்புக் கல் தகடுகளில் பென்சிலால் கீறியதுபோலச் சின்னச் சின்னக் கவைகள் தெரியும். 45 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கடலில் மிதந்த உயிர்களின் தடங்கள் அவை. ஓட வந்தவர் இரண்டு நிமிடம் குனிந்து பார்த்தால் குடிமுழுகிப் போகாது. பக்கத்திலேயே ஸ்லேட் வெட்டிய பெரிய குழி. வெட்டுவது நின்ற பிறகு கடலுக்கு வாய் உடைத்துவிட்டதில், மயில்துத்தம் கரைத்ததுபோல நீலப்பச்சை நீர் நிற்கிறது. 2012இல் இங்கே நடந்த உலகப் போட்டியில் 27 மீட்டர் உயரத்திலிருந்து இதில்தான் குதித்தார்கள்.

அங்கிருந்து திரும்பும்போது கடல் இடக்கைப் பக்கம், காற்று முதுகில். காற்று தள்ளிக்கொண்டு வரும் அந்த மூன்று கிலோமீட்டருக்காகத்தான் நான் வாரம் தவறாமல் ஓடுகிறேன். வைகாசி வாக்கில் வழி நெடுக இளஞ்சிவப்புப் பூ மெத்தை. சிவப்பு மூக்கும் சிவப்புக் காலுமாகக் காக்கை இனம் ஒன்று காற்றில் குட்டிக்கரணம் போடும். பென்க்ளெகிரைத் தாண்டினால் கல் உடைத்த குழிகளும் சுவர் மட்டும் மிஞ்சிய கட்டடங்களும். கடைசியில் வெள்ளையடித்த துறைமுகக் கம்பம் தென்படும். கீழே செங்கல்லில் எழுப்பிய அந்தப் பிரம்மாண்டமான சல்லித் தொட்டிகள், ஏதோ கோட்டையின் மதில்போல. கப்பல் கப்பலாகச் சாலைச் சல்லி போன துறை இது; 1931இல் எல்லாம் நின்றது. கால் தளர்ந்த நேரத்தில் செங்குத்துப் படியில் இறங்கச் சொல்கிறாயே என்று கேட்பீர்கள். படியில் நடக்கவும் என்று எழுதுங்கள். அந்த ஒரு இடத்தில் கட்டளையே போடலாம்.

இரண்டாவது பாதை கிழக்கே ட்ரெவின் வழியாக அபர்காசிலுக்கு, ஏழெட்டுக் கிலோமீட்டர். இதில் எனக்குச் சண்டை அதிகமில்லை. அபர்வெலினில் வெலின் என்பது ஆலை. தானியம் அரைத்த அந்தத் தண்ணீர் ஆலை 1918இல் ஓய்ந்து, இன்று சுவரும் அரைகல்லுமாகக் கிடக்கிறது. அபர்காசிலுக்குச் சற்று முன்னால் வயலில் காரெக் சாம்சன் நிற்கிறது. ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழமையான கல்லறை. ஐந்து மீட்டர் நீள மூடுகல்லை மூன்றே கற்கள் தாங்குகின்றன. சாம்சன் என்ற துறவி அதைச் சுண்டுவிரலால் தூக்கி வைத்தார் என்பது ஊர்க்கதை. அபர்காசில் கிராமத்துத் துறை நம்முடையதைவிடச் சிறியது. 1876 ஆகஸ்டில் ஆல்ஃபிரட் ஜான்சன் என்ற மீனவர், ஆறு மீட்டர் படகில் தன்னந்தனியாக அட்லாண்டிக்கைக் கடந்து கரையேறிய இடம் அது. அவர் எப்படித் திரும்பினார் என்று துண்டறிக்கை சொல்ல வேண்டியதில்லை. நம்மவர்கள் திரும்ப வேண்டும். போன வழியே திரும்பி ஓடச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு வழி ஓட்டமாக்கி, ஸ்ட்ரம்பிள் ஷட்டில் பஸ்ஸில் ஏறச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் எல்லா நாளும் பஸ் வராது, நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளவும் என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். பள்ளத்தில் இறங்கினால் கைபேசிக்கு சிக்னல் போய்விடும் என்பதையும்.

மூன்றாவது பாதையை அடியோடு எடுத்துவிடுங்கள். ட்ரைத் ஹ்லிவ்னுக்குப் படியில் இறங்கி மணலில் ஓடச் சொல்வது அது. பெயர்களை நம்பச் சொன்னவன்தான் நான், ஆனால் இங்கே பெயர் பாதியைத்தான் சொல்கிறது. ஹ்லிவ்ன் என்றால் வழவழப்பு. மணல் வழவழப்புதான், கடல் அப்படியில்லை. ஓதம் ஏறினால் மணல் மறைந்துவிடும், அலை உள்ளே இழுக்கும், மேலே வர அந்தப் படியை விட்டால் வேறு வழியில்லை. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடுபவருக்கு அலை ஏறுவது எப்படித் தெரியும்?

இதே கரையில் ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் வரை சாம்பல் சீல்கள் குட்டி போடும். சென்ற ஆண்டு மேலே நின்று ஒரு வெள்ளைக் குட்டியைப் பார்த்தேன், கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடந்தது. குட்டி ஏறக்குறைய மூன்று வாரம்தான் பால் குடிக்கும். அந்த நாட்களில் மேலிருந்து ஒரு கூச்சல் கேட்டாலும் தாய் கடலுக்குள் பாய்ந்துவிடும். சீல்கள் தெரியும் இடங்களை நட்சத்திரம் போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். அதை நீக்கிவிட்டு, அந்த மாதங்களில் விளிம்பை விட்டு விலகிச் சத்தமில்லாமல் கடக்கவும் என்று எழுதுங்கள்.

நிமிடக் கணக்கு எதற்கு என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. வேல்ஸ் சாலைகளில் வெள்ளைப் பெயின்ட்டில் ‘அராவ்’ என்று எழுதியிருக்கும். மெதுவாக என்று பொருள். இங்கு வருபவர் எவரும் முதலில் கற்கும் வெல்ஷ் சொல் அதுதான். கார்களுக்குச் சொல்வதை ஓடுபவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்; நிமிடம் அச்சான இடத்தில் அந்தச் சொல் அளவாக உட்காரும்.

அச்சுக்குப் போவதற்கு முன் ஒருமுறை சேர்ந்தே ஓடிப் பார்த்துவிடலாம். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சல்லித் தொட்டிகளின் அடியில் நிற்பேன். வயல் வழியில் இப்போது கணுக்கால் அளவு சேறு. பழைய காலணியைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
முள்புதரில் விழுந்தவன்