சட்டையின் அளவு பிராவின் அளவு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாங்குளத்தில் வீட்டோடு மெசின் வைத்துச் சாறிச் சட்டையும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையும் தைத்துக் கொடுக்கிறவள் நான். அளவெடுக்கும்போது பெண்களின் தோளைத்தான் முதலில் பார்ப்பேன். வயல், தோட்டம் என்று வேலை செய்கிற அக்காமார் கனபேருக்குத் தோளின் இரண்டு பக்கமும் பிராவின் வார் பதிந்து பள்ளம் விழுந்திருக்கிறது, பள்ளத்தில் தோல் கறுத்துத் தடித்துப் போயிருக்கிறது. கேட்டால் “என்ர உடம்பு வாசி அப்பிடி பிள்ளை” என்பார்கள். உடம்பில் ஒரு பிழையும் இல்லை, போட்டிருக்கிறது அளவான பிரா இல்லை, அவ்வளவுதான். வெட்கத்தில் யாரும் இதை வாய்விட்டுக் கதைக்காததால்தான் தோள் நோவும் கழுத்து நோவும் தீராமல் கிடக்கின்றன. அதனால் இந்தக் கடிதத்தை வெட்டிச் சுருக்காமல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பிழை தொடங்குவது கடையில் சொல்கிற இலக்கத்தில். சட்டைக்கு நான் நெஞ்சுச் சுற்று 36 அங்குலம் என்று எழுதிக் கொடுத்தால், அதே 36ஐக் கடையில் போய்ச் சொல்கிறார்கள், கொஞ்சம் இளக்கமாக இருக்கட்டும் என்று 38 கேட்கிறவர்களும் உண்டு. ஆனால் பிராவில் எழுதியிருக்கிற அந்த இலக்கம் மார்பின் சுற்று அல்ல, மார்புக்குக் கீழே விலா எலும்பைச் சுற்றி வருகிற அடிப்பட்டியின் அளவு. மார்பு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்வது பக்கத்தில் நிற்கிற எழுத்து, அதாவது ஏ, பி, சி, டி. நம் சந்தைகளில் தொங்குகிற கனக்க பிராக்களில் இந்த எழுத்தே இருக்காது. எழுத்து இல்லாத பிராவை இலக்கம் மட்டும் பார்த்து வாங்கினால் அது பொருந்துவது அதிர்ஷ்டம்.

வீட்டில் அளவுநாடா இருந்தால் ஐந்து நிமிட வேலை. நாடாவின் சென்ரிமீற்றர்ப் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். மூச்சை வெளியே விட்டு, மார்புக்குச் சற்றுக் கீழே இறுக்கிச் சுற்றி ஒரு அளவு. பிறகு மார்பின் மிக எடுப்பான இடத்தில், இறுக்காமல், முதுகில் நாடா சரியாமல் இன்னொரு அளவு. கீழே 75, மேலே 92 என்று வைப்போம். கீழ்ச்சுற்று 73க்கும் 77க்கும் இடையில் இருந்தால் 75 என்று போட்டிருக்கிற பிரா, பல பெட்டிகளில் அதையே 34 என்றும் அச்சடித்திருப்பார்கள். மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் வித்தியாசம் 17 வருகிறது. வித்தியாசம் 12 முதல் 14 வரை என்றால் ஏ, 14 முதல் 16 வரை பி, 16 முதல் 18 வரை சி, 18 முதல் 20 வரை டி. ஆகவே இந்தப் பெண்ணுக்கு வேண்டியது 34சி. அவர் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பதோ 38. பட்டி பத்துச் சென்ரிமீற்றர் கூட! கம்பனிக்குக் கம்பனி கொஞ்சம் முன்பின் இருக்கும், பெட்டியின் பின்பக்கத்தில் அட்டவணை இருந்தால் அதைத்தான் நம்ப வேண்டும்.

பட்டி நீண்டால் என்ன என்று கேட்பீர்கள். மார்பின் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் அந்த அடிப்பட்டிதான், தோள்வாரின் வேலை மார்பை மூடுகிற கிண்ணத்தை, அதாவது கப்பை, பிடித்து வைத்திருப்பது மட்டும். பட்டி இளகினால் கிணற்றுத் துலா மாதிரி முன்பக்கம் கீழே போகப் பின்பக்கம் மேலே ஏறும். அப்போது என்ன செய்கிறோம்? வாரை இழுத்து இன்னும் கட்டையாக்குகிறோம். பட்டி இன்னும் மேலே ஏறுகிறது, பாரம் முழுக்கத் தோளில் இறங்குகிறது. அந்தப் பள்ளம் விழுகிறது இப்படித்தான்.

சரி, இப்போது போட்டிருக்கிற பிரா அளவானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போடும்போது கொஞ்சம் முன்னால் குனிந்து, கக்கப் பக்கம் ஒதுங்கியிருக்கிற சதையையும் கையால் கப்புக்குள் எடுத்துவிட்டு நிமிருங்கள், இதைச் செய்யாமல் பார்த்தால் பெரிய கப்பும் சின்னக் கப்பும் ஒரே மாதிரித்தான் தெரியும். பிறகு கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று முதுகைப் பாருங்கள், பட்டி முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் போக வேண்டும். பட்டிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், முழுக் கையும் போனால் தளர்வு, ஒரு விரலும் போகாமல் மூச்சு முட்டினால் இறுக்கம். இரண்டு கையையும் மேலே தூக்குங்கள், கொடியில் உடுப்புப் போடுகிறபோது தூக்குவதுபோல. பட்டி மார்பின் மேல் ஏறிவிட்டதென்றால் அந்தப் பிரா உங்களுக்குரியது அல்ல. கடைசியாக, வார் இரண்டையும் தோளிலிருந்து இறக்கிவிட்டு நில்லுங்கள். அளவான பிரா அப்போதும் நின்ற இடத்தில் நிற்கும். என்னிடம் வருகிறவர்களை இதைத்தான் செய்து பார்க்கச் சொல்வேன், பட்டி சடாரென்று வயிற்றுக்கு இறங்குவதைப் பார்த்து அவர்களே திகைத்துப் போகிறார்கள்.

கப்பின் மேல் விளிம்பில் சதை பிதுங்கிச் சட்டைக்கு வெளியேயும் கோடு தெரிந்தால் கப் சின்னது. துணி சுருங்கி வெற்றிடம் தெரிந்தால் பெரிது. கம்பி வைத்த பிரா என்றால் கம்பி மார்பைச் சுற்றி அடியில் கிடக்க வேண்டும், சதையின் மேல் குத்தக் கூடாது, நடுவில் இரண்டு கப்பும் சேர்கிற துண்டு நெஞ்செலும்பில் படிந்திருக்க வேண்டும்.

கொழுக்கி விஷயமும் சொல்ல வேண்டும். புதுப் பிராவை ஆகக் கடைசி வரிசையில், அதாவது ஆக இளக்கமான வரிசையில் கொழுவிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். துவைக்கத் துவைக்க இலாஸ்ரிக் இளகும், அப்போது ஒவ்வொரு வரிசையாக உள்ளே வரலாம். வாங்கின அன்றே உள் வரிசையில் கொழுவினால்தான் நிற்கிறது என்றால் அந்த அளவை வாங்காதீர்கள். பட்டி பெரிது, கப் சரி என்றால் பட்டியில் ஒரு அளவு குறைத்து எழுத்தில் ஒன்று கூட்டுங்கள். 36பியும் 34சியும் கப்பின் கொள்ளளவில் ஏறத்தாழ ஒன்றுதான்.

தாய்மாருக்கு ஒன்று. பெரியபிள்ளையான மகளுக்கு “வளர்ற பிள்ளைதானே” என்று இரண்டு அளவு கூட வாங்கிக் கொடுக்காதீர்கள். வெள்ளைச் சட்டைக்கு அளவெடுக்க வருகிற பிள்ளைகள் கூனிக்கொண்டு நிற்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. வலைப்பந்து நன்றாக விளையாடுகிற பிள்ளைகள் ஓடும்போது குலுங்குகிறதே என்று இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்காமல் ஒதுங்கி நிற்கிறார்கள். மார்பு வளர்கிற காலத்தில் சில மாதத்துக்கொரு தடவை அளந்து பாருங்கள், விலை கூடினதாக ஒன்றிரண்டு வாங்குவதைவிடச் சாதாரணமானதாக, அளவானதாக வாங்கிக் கொடுப்பது மேல். பால் கொடுக்கிற தாய்மாரும் பழைய பிராவை நெரித்துப் போடக் கூடாது, இறுக்கம் பால் கட்டிக்கொள்ள வழி செய்யும். சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வருகிற குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

வன்னி வெயிலில் இன்னொரு தொல்லை. மார்புக்குக் கீழே வியர்வை தங்கி, தோல் அவிந்து, சிவந்து, கடிக்கிறது. இளகின பட்டி அந்த இடத்தில் உரசிக்கொண்டே இருந்தால் புண் ஆறாது. பருத்தித் துணி நல்லது, ஒருநாள் போட்டதைத் துவைக்காமல் மறுநாள் போடக் கூடாது. ஆனால் துவைத்த பிராவை நாம் எங்கே காயப் போடுகிறோம்? ஆம்பிளையள் கண்ணில் படக்கூடாதென்று துவாய்க்கு அடியில், அறை மூலையில். ஈரம் முழுக்கக் காயாமலே திரும்பவும் உடம்பில் ஏறுகிறது. வெயிலில், காற்றுப் படுகிற இடத்தில் தைரியமாகக் காயப் போடுங்கள்.

பிரா போட்டால், அதிலும் கம்பி வைத்தது போட்டால், மார்புப் புற்றுநோய் வரும் என்று ஒரு கதை இங்கே உலாவுகிறது. 2014இல் அமெரிக்காவின் சியாட்டிலில் மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடத்திய ஆய்வில், பிரா போடுவதற்கும் மார்புப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. மார்பில் கட்டி தட்டுப்பட்டால் அதற்குப் பிராவைக் குறை சொல்லிக்கொண்டு நாளைக் கடத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 35 வயதான பெண்களுக்கு சுகவனிதையர் கிளினிக்கில் மார்பையும் பரிசோதிக்கிறார்கள், பணம் கொடுக்கத் தேவையில்லை.

இடம்பெயர்ந்து ஓடின காலத்திலும் 2009க்குப் பிறகு முகாமிலும் கிடைத்ததை உடுத்தினோம், அளவு பார்க்கிற நிலையில் யாரும் இருக்கவில்லை. இன்று அந்த நிலை இல்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு நம் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள், உள்ளாடைப் பகுதியில் வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி உங்கள் ஒழுங்கையில் இருந்தால் பட்டி, கப் எல்லாம் உங்களுக்கு விளங்கச் சொல்லித் தருவாள், கேளுங்கள்.

கடைக்காரருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. வற்றாப்பளைப் பொங்கலில் போடுகிற தற்காலிகக் கடையில் எல்லா வசதியும் எதிர்பார்க்க முடியாது, ஆனால் பட்டணத்தில் இரண்டு மாடி எடுத்து நடத்துகிற உடுப்புக் கடைகளிலும் உள்ளாடைப் பகுதியில் ஆண் பிள்ளைகள்தான் நிற்கிறார்கள். இலக்கத்தை மெல்லச் சொல்லி, எடுத்ததைத் திறந்தும் பார்க்காமல் பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டு ஓடி வருகிறோம், வீட்டில் போட்டுப் பார்த்து அளவில்லை என்றால் மாற்றித் தரவும் மாட்டார்கள். அந்தப் பகுதிக்குப் பெண் பிள்ளை ஒருத்தியை நிறுத்துங்கள், அவளுக்கு அளவெடுக்கப் பழக்கி ஒரு அளவுநாடா கொடுங்கள், போட்டுப் பார்க்கத் திரை போட்ட ஒரு மூலை ஒதுக்குங்கள், பி மட்டும் அடுக்கி வைக்காமல் சி, டி அளவுகளையும் கொழும்பிலிருந்து எடுப்பியுங்கள்.

இப்படிக்கு,
தையல்காரப் பெண் ஒருத்தி,
மாங்குளம்.