ஒரே லாட்டுன்னு சொல்லி குடுத்த 8 உருண்டை நூல்

நிர்வாகத்துக்கு வணக்கம்,

நான் மலேசியாவுல கேமரன் மலை, ரிங்லெட்லேருந்து எழுதுறேன். போன மாசம் 4ஆம் தேதி ஊட்டியில இருக்குற உங்க கடையில மெரூன் கலர் மெரினோ (செம்மறியாட்டுக் கம்பளி) நூல் 8 உருண்டை வாங்கினேன், ஒண்ணு 100 கிராம், 690 ரூபா, மொத்தம் 5,520 ரூபா. எல்லாம் ஒரே லாட்டு, அதாவது ஒரே தடவ சாயம் போட்டதுன்னு சொல்லி குடுத்தீங்க, ஆனா அதுல 3 உருண்டை வேற லாட்டு, கம்பளியும் இல்ல. பில், லேபிள், போட்டோ எல்லாம் இதோட அனுப்பியிருக்கேன். ஏற்கனவே வாட்ஸாப்ல 2 தடவ சொல்லிட்டேன், வந்த பதில் எனக்கு ஏத்துக்க முடியல, அதனாலதான் இப்ப உக்காந்து முழுசா எழுதுறேன், தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

கோயம்புத்தூர்ல சொந்தக்காரங்க கல்யாணம், அதுக்கு கோலாலம்பூர்லேருந்து திருச்சிக்கு ஃப்ளைட் எடுத்து வந்தோம். கல்யாணம் முடிஞ்சு 2 நாள் ஊட்டி. எங்க ஊரும் தேயிலைத் தோட்ட ஊருதான், குளிரு எங்களுக்கு புதுசில்ல, நான் ஊட்டிக்கு வந்ததே நூல் வாங்கத்தான். இங்க ரிங்லெட்ல நல்ல கம்பளி நூல் கிடைக்காது, ஈப்போவுக்கு எறங்கிப் போனாலும் எனக்கு கிடைச்சதெல்லாம் அக்ரிலிக்ங்கிற செயற்கை நூலு, இல்லன்னா காட்டன். எங்கப்பாவுக்கு இந்த வருஷம் 80 ஆகுது, தோட்டத்துல கத்தரி பிடிச்சு கொழுந்து வெட்டுனவரு, மழையில நனைஞ்சு நனைஞ்சு இப்ப நெஞ்சு சளி விடவே மாட்டேங்குது, விடிகாலையில 15, 16 டிகிரிக்கு எறங்குனா படுக்கையவிட்டு எந்திரிக்க மாட்டாரு. அவருக்கு ஒரு முழுக்கை ஸ்வெட்டர், அசல் கம்பளியில, என் கையால. எங்கம்மா குடைக் கம்பிய தீட்டி ஊசியாக்கி எனக்கு பின்ன கத்துக்குடுத்தவங்க, அவங்க இருந்திருந்தா அவங்களே பின்னியிருப்பாங்க.

உங்க கடையில நான் 3 தடவ கேட்டேன், எல்லாம் ஒரே லாட்டுதானா, ஒரே லாட்டுதானான்னு. பின்னுறவங்களுக்கு இது எவ்வளவு முக்கியம்னு நூல் விக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, ஒரு தடவ சாயத்தொட்டியில போட்டு எடுத்த நூலும் அடுத்த தடவ போட்டு எடுத்த நூலும் அதே கலர்னு பேரு இருந்தாலும் கொஞ்சம் வித்தியாசம் வரும், அதுக்குத்தானே லேபிள்ல லாட் நம்பரே போடுறீங்க. கவுண்டர்ல இருந்தவரு, "அம்மா நீங்க மலேசியா போயிட்டா திரும்ப வர முடியாதுன்னு தெரியும், நானே பாத்து எடுத்து தர்றேன்"னு சொல்லி அவரே 8 உருண்டையும் எடுத்து பிளாஸ்டிக் கவர்ல போட்டு சூடு வச்சு ஒட்டிக் குடுத்தாரு. நான் நம்பிட்டேன். 20 கிலோ லக்கேஜ்ல வேட்டி சேலையக்கூட தங்கச்சி பெட்டிக்கு மாத்திட்டு இந்த நூலத்தான் பத்திரமா கொண்டு வந்தேன்.

பகல்ல எனக்கு காய்கறி பேக்கிங் வேல, அதனால தினமும் ராத்திரி 12 மணி வரைக்கும் உக்காந்து பின்னினேன். 4 எம்எம் ஊசி, 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி, லேபிள்ல போட்ட மாதிரியே கணக்கு சரியா வந்துச்சு, முதுகு, முன்பக்கம் ரெண்டும் 5 உருண்டையில முடிஞ்சிருச்சு, அவ்வளவு அழகா வந்துச்சு அந்த நூலு, அத நான் மறைக்க மாட்டேன். ஆறாவது உருண்டைய பிரிச்சு வலது கைய ஆரம்பிச்சப்பத்தான் நூலு கையில ஒரு மாதிரி வழுக்குச்சு, ஊசியில கீச்சு கீச்சுன்னு சத்தம், மழைக்கால ஈரம்தான்னு நெனச்சு 3 ராத்திரியில முழுக்கையும் பின்னி முடிச்சிட்டேன். காலையில வாசல்ல வெளிச்சத்துல வச்சு பாத்தா உடம்பு கருஞ்சிவப்பா இருக்கு, கை மட்டும் ரோஸ் அடிக்குது! ராத்திரி லைட்டுல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுச்சு, உங்க கடை டியூப்லைட்டுலயும் அப்படித்தான்.

அப்புறம் கவர்ல இருந்த லேபிள் எல்லாத்தையும் எடுத்து பாத்தேன். 5 லேபிள்ல லாட் 4417. மீதி 3லயும் 4417தான், ஆனா அது மேல ஒட்டுன ஸ்டிக்கர். நகத்தால உரிச்சா அடியில 3902. போட்டோவுல தெளிவா தெரியும் பாருங்க. மனசு கேக்கல, ரெண்டுலேருந்தும் ஒரு சின்ன துண்டு வெட்டி இடுக்கியில பிடிச்சு நெருப்புல காட்டினேன். முதல் 5 உருண்டை நூலு முடி கருகுற வாடை அடிச்சுது, நெருப்ப எடுத்ததும் தானா அணைஞ்சு, தொட்டா தூளா உதிர்ந்துச்சு, கம்பளின்னா அப்படித்தான் இருக்கணும். அந்த 3 உருண்டை நூலு அப்படியே உருகி கருப்பு மணி மாதிரி கெட்டியாயிருச்சு. அது அக்ரிலிக். ஆனா மேல 100 சதவீதம் மெரினோன்னு போட்டிருக்கு. கம்பளிக்கு ஏத்துற சாயம் வேற, அக்ரிலிக்குக்கு ஏத்துற சாயம் வேற, பின்ன எப்படி பகல் வெளிச்சத்துல ஒரே கலரா இருக்கும்? ஒருத்தர் கை மறதியில லாட்டு மாறிப்போச்சுன்னா நானே மன்னிச்சு விட்டிருப்பேன், நம்பர் மேல நம்பர் ஒட்டுறது மறதி கிடையாது.

29ஆம் தேதி உங்களுக்கு மெசேஜ் போட்டேன். 7 நாளைக்குள்ள கடைக்கு நேர்ல கொண்டு வந்தா மாத்தி தர்றோம்னு பதில். என் பில்லுல 7 நாளுன்னு எங்கயும் இல்ல, நீங்களே பாருங்க. ரிங்லெட்லேருந்து ஊட்டிக்கு 3 உருண்டை நூல மாத்த நான் எப்படிங்க வர்றது, வெளியூருக்குப் போறதுன்னு தெரிஞ்சுதானே வித்தீங்க. இந்தியாவோட 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல, குறையுள்ள பொருள பில்லுல போட்ட நாளுக்குள்ள, நாளே போடலைன்னா 30 நாளைக்குள்ள, திரும்ப எடுக்க மாட்டேன்னு சொல்றது நியாயமில்லாத வியாபாரம்னு இருக்கு. நான் சொன்னது 25ஆவது நாள்.

எனக்கு பணம் முக்கியமில்ல, நூலுதான் வேணும். லாட் 4417ல அசல் மெரினோ 3 உருண்டை, கூரியர் செலவ நீங்களே ஏத்துக்கிட்டு அனுப்புங்க. அந்த லாட்டு தீந்துபோச்சுன்னா வேற ஒரே லாட்டுல 8 உருண்டையா அனுப்புங்க, நான் முதல்லேருந்து மறுபடியும் பின்னிக்கிறேன், அப்பாவுக்கு ரெண்டு கலர் ஸ்வெட்டர் போட்டுவிட மாட்டேன். அந்த 3902 நூல கடை ஷெல்ஃப்லேருந்து இன்னிக்கே எடுங்க. பில்லுல லாட் நம்பர எழுதிக் குடுங்க, என்ன மாதிரி சிங்கப்பூர்லேருந்தும் கொழும்புலேருந்தும் வர்றவங்க ஒரு தடவதான் வாங்க முடியும், குறை இருந்தா வீட்டுக்குப் போனப்புறம்தான் தெரியும்.

14 நாளைக்குள்ள பதில் வரலைன்னா கோயம்புத்தூர்ல இருக்குற என் சித்தி மகன் நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிச்சு புகார் பதிவு பண்ணுவாரு, உரிச்ச லேபிளையும் நூலையும் அப்படியே எடுத்து வச்சிருக்கேன். என் நம்பர் உங்க வாட்ஸாப்ல இருக்கு. ராத்திரி 8 மணிக்கு மேல கூப்பிடுங்க, மலேசியா டைம்.

இப்படிக்கு,
பில்லுல பேரு இருக்குற ரிங்லெட் வாடிக்கையாளர்