ஆயிரம் கெஜத்துக் காற்று

வோக்கிங், இங்கிலாந்து

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். உங்கள் நலமும் அண்ணியின் நலமும் அறிய ஆவல். மேட்டூர் திறந்த செய்தியைப் படித்தேன். குடமுருட்டியில் தண்ணீர் வந்ததா, நம் வாய்க்காலுக்கு எட்டியதா என்று எழுதுங்கள்.

பேரன் பேத்தி எடுத்த வயதில் பெண்பிள்ளைக்குத் துப்பாக்கி எதற்கு என்று தொலைபேசியில் கேட்டீர்கள். அவசரத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் அல்ல என்பதால் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். இது வேட்டை அல்ல. எந்த உயிரையும் நாங்கள் குறிவைப்பதில்லை. தூரத்தில் நிற்கும் காகித இலக்கு மட்டும்தான். இங்கே நினைத்தவுடன் துப்பாக்கி வாங்கிவிடவும் முடியாது. துப்பாக்கி சுடும் சங்கத்தில் குறைந்தது மூன்று மாதமாவது பயிற்சி உறுப்பினராக இருந்து, அவர்கள் கண்ணெதிரே பழக வேண்டும். பிறகு காவல்துறை வீட்டுக்கு வந்து விசாரிக்கும், மருத்துவரிடமும் கேட்கும். எந்தத் துப்பாக்கி, எத்தனை தோட்டா என்பதெல்லாம் காவல்துறை தரும் உரிமச் சான்றிதழிலேயே எழுதியிருக்கும். சுவரோடு திருகிய இரும்புப் பெட்டியின் சாவி என் ஒருத்தியிடம் மட்டும்தான் இருக்கலாம். உங்கள் மாப்பிள்ளைக்குக்கூடச் சாவி இருக்கும் இடம் தெரியாது.

நான் சுடப் போகும் மைதானம் பிஸ்லியில் இருக்கிறது, வீட்டிலிருந்து பக்கம்தான். விக்டோரியா மகாராணி 1860இல் விம்பிள்டனில் முதல் குண்டைச் சுட்டுத் தொடங்கிவைத்த துப்பாக்கி சுடும் போட்டி 1890இல் இங்கே வந்தது; இன்றும் ஜூலைதோறும் நடக்கிறது. அதன் பெரிய பரிசை 1930இல் முதன்முதலாக ஒரு பெண் வென்றார். மார்ஜோரி ஃபாஸ்டர் என்று பெயர், கோழிப்பண்ணை வைத்திருந்தவர். அதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு தெம்பு வந்தது தெரியுமா?

வயதைப் பற்றிச் சொன்னீர்களே, அண்ணா. நான் சுடும் பிரிவே வயதானவர்களை எண்ணி உருவானதுதான். கண்பார்வை மங்கிய பிறகும் விளையாட்டை விட மனமில்லாத ஜார்ஜ் ஃபர்குவார்சன் என்ற கனடாக்காரர், தொலைநோக்கிக் கண்ணாடியும் தாங்கியும் வைத்துச் சுடலாமே என்று கேட்டார். அவர் பெயரின் முதலெழுத்தால்தான் இதை எஃப் பிரிவு என்கிறார்கள். குப்புறப் படுத்துக்கொண்டு, இருகால் தாங்கியில் துப்பாக்கியை நிறுத்திச் சுடுகிறோம். ஓடவும் வேண்டாம், குதிக்கவும் வேண்டாம். பொறுமை வேண்டும். அது இந்த வயதில் நமக்குக் குறைவா என்ன?

இதில் குறி பார்ப்பது சிறு பங்குதான். பெரும் பங்கு காற்றைப் படிப்பது. தோட்டா 1000 கெஜம், அதாவது 914 மீட்டர் போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை வினாடி ஆகிறது. அதற்குள் காற்று அதைத் தள்ளிவிடுகிறது. மணிக்கு 10 மைல் வேகத்தில் பக்கக்காற்று அடித்தால் என் தோட்டா ஏழெட்டு அடி விலகிவிடும். வழி நெடுகக் கொடிகள் நட்டிருக்கிறார்கள். என் பக்கத்துக் கொடி துவண்டு தொங்கும். நடுவில் இருப்பது இடப்புறம் பறக்கும். இலக்கருகே இருப்பது வேறு கதை சொல்லும். வெயில் நாளில் கானலையும் பார்க்க வேண்டும். கண்ணாடியில் அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் காற்று போகிறது. நேராக மேலே கொதித்தெழுந்தால், பக்கக்காற்று அடங்கிவிட்டது அல்லது திசை மாறப்போகிறது என்று அர்த்தம்.

அப்பா களத்தில் தூற்றுவதற்கு முன் ஒரு பிடி பதரை விட்டுப் பார்ப்பாரே, நினைவிருக்கிறதா? காற்று சீராக நின்று அடிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவர் முறம் உயரும். நானும் அப்படித்தான் காத்துக் கிடக்கிறேன். கொடிகள் நான் கணக்கிட்ட நிலைக்குத் திரும்பியதும் மூச்சை விட்டு, அடுத்த மூச்சு எடுப்பதற்கு முன் விசையை அழுத்துகிறேன். அந்த நேரத்தில் என் இதயத்துடிப்புக்குக் குறுக்குக் கம்பி அசைவதைக் கண்ணாடியில் பார்க்கலாம்.

சங்க நாட்களில் முறைவைத்து இலக்குக் குழியிலும் வேலை செய்கிறோம். மண்மேட்டுக்குப் பின்னால் பத்திரமாக நிற்போம். தலைக்கு மேலே சடாரென்று ஒரு வெடிப்பு. தோட்டா ஒலியை முந்தி வருவதால் துப்பாக்கிச் சத்தம் பிறகுதான் வந்து சேரும். உடனே இலக்குச் சட்டத்தைக் கீழே இழுத்து, சுட்டவருக்குத் தூரத்திலிருந்து தெரியும்படி புதுத் துளையில் வட்ட அட்டையைச் செருகி, பழைய துளைக்குக் காகிதத் துண்டு ஒட்டி மேலே ஏற்ற வேண்டும். யார் சுட்டது என்று குழியில் இருப்பவருக்குத் தெரியாது. எல்லோருடைய துளைக்கும் ஒரே கவனம். இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நீங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை. ஜூலையில் குறுவையை விட்டு வரமாட்டீர்கள். தாளடி அறுவடை முடிந்து, உளுந்தும் எடுத்தபின் மே மாதம் வாருங்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து கொடிகளைப் பாருங்கள். காற்று எப்போது மாறும் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள். பாஸ்போர்ட்டை இப்போதே புதுப்பித்துவிடுங்கள். தஞ்சாவூரிலேயே சேவை மையம் இருக்கிறது. அண்ணியையும் அவசியம் அழைத்து வாருங்கள். முழங்கால் வலி என்று தயங்க வேண்டாம், சுடுமிடம் வரை காரிலேயே போகலாம். குளிருக்குக் கம்பளி உடை எதுவும் வாங்காதீர்கள், இங்கே நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் தங்கை