பிரிக் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25 (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்)

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் டீச்சருக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். லெகோ பிரிக்குகளை, அதாவது ஒன்றோடொன்று மாட்டும் பிளாஸ்டிக் துண்டுகளை, வைத்து மாதிரிகள் கட்டும் நம் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கை இது.

போன வருடம் 19 பேர் இருந்தோம். இப்போது 26. புதிதாக வந்த ஏழு பேரில் ஐந்து பேர் மலையாளக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், அதனால் கூட்டக் குறிப்பை இரண்டு மொழியிலும் எழுதும்படி தீர்மானமாகியிருக்கிறது. சரி, எழுதுகிறேன். என் மலையாளக் கையெழுத்தைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூடாது. மாதம் ஒன்றாக நடக்க வேண்டிய கூட்டங்களில் பத்துதான் நடந்தன. ஜூலைக் கடைசி மழையில் ஒன்று போனது. இன்னொன்று, அறைச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான் வேலந்தாவளம் போய்விட்டதால் போனது.

இனி, நாம் கூடுவதற்கே காரணமான புது செட்டுகள். வெளிநாட்டு விளையாட்டுப் பொருளுக்கான சுங்கவரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. லெகோவில் புதிதாக எது வந்தாலும் நாம் முதலில் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவோம், அப்புறம் வளைகுடாவிலிருந்து யார் லீவில் வருகிறார்கள் என்று விசாரிப்போம். இந்த வருடம் அப்படி வந்தது, 2024 ஜூனில் வெளியான பாரீஸ் நோத்ருதாம் தேவாலயம். 4,383 துண்டுகள். வளைகுடாவில் இருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் ஓணத்துக்கு வந்தபோது பெட்டியில் துணிமணியைக் குறைத்து இதைக் கொண்டுவந்தார். நிஜத் தேவாலயம் எந்த வரிசையில் எழும்பியதோ, அதே வரிசையில் கட்டச் சொல்கிறது அதன் கையேடு. அங்கே 1163-இல் தொடங்கி இருநூறு வருடம் நெருங்கிய வேலையை நாம் நாலு ஞாயிற்றுக்கிழமையில் முடித்தோம். இப்போது அது அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. தொடக் கூடாது.

சங்கப் பணத்தில் வாங்கிய போன்சாய் மரம் பழைய செட், 2021-இல் வந்தது. 878 துண்டுகள்தான். ஆனால் எனக்குப் பிடித்தது இதுதான். பச்சை இலையைக் கழற்றிவிட்டு ரோஸ் நிறப் பூவை மாட்டலாம். பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் பூவே இல்லை, தவளை! குட்டிக் குட்டி ரோஸ் தவளைகள், மொத்தம் நூறு. அன்றைக்கு டீச்சர் ஒரு தவளையை விரல்நுனியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் யாருக்கும் கொடுக்கவில்லை. இதைப் பிரிக்கலாமா கூடாதா என்று அடுத்த கூட்டம் முழுக்கச் சண்டை. பிரிப்போம் என்று 14 பேர், வேண்டாம் என்று 9 பேர். நான் பிரிக்கச் சொன்ன கட்சி. ஒரு செட் கற்றுக்கொடுக்கும் வித்தையை வாங்கிக்கொண்ட பிறகு, அதைத் தூசி தட்டிக்கொண்டே இருப்பதில் எனக்குச் சுவாரசியம் இல்லை.

அந்த வித்தையில் முளைத்ததுதான் பொங்கல் கண்காட்சியில் வைத்த பனைமரம். நம் வரப்பில் நிற்கிற மரத்தை விட்டுவிட்டு ஜப்பான் மரம் எதற்கு என்று தலைவர் கேட்டார், நியாயம்தான். அடிமரத்துக்கு 60 வட்ட பிரிக். ஒன்று 9.6 மில்லிமீட்டர் உயரம், ஆக 57.6 சென்டிமீட்டர். தவளை பூவாகலாம் என்றால் தலை நுங்குக்காயாகக் கூடாதா? கறுப்பு மினிஃபிகர் (லெகோவின் குட்டி மனிதப் பொம்மை) தலைகளை உறுப்பினர்களிடம் இரவல் வாங்கிக் குலை கட்டினோம். ஒன்று குறைந்தது. முகம் வரைந்த தலை ஒன்றைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டினேன், யாருக்குத் தெரியப்போகிறது என்று.

தை மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே பிறந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தும் மேசையை ஜன்னலோரம் போட்டது நான்தான். முதல் நாள் பதினோரு மணிக்கு மரம் நடுவில் முறிந்து விழுந்தது, தலைகள் பெஞ்சுக்கடியில் உருண்டன. ஒரு பையன் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்து, “மாமா, நுங்குக்கு மூணு கண்ணுதானே? இதுல ரெண்டுதான் இருக்கு” என்றான். அதற்கப்புறம் கூட்டம் அந்த மேசையை விட்டு நகரவேயில்லை. மத்தியானமே வட்ட பிரிக்குகளின் நடுத்துளைக்குள் லெகோவின் டெக்னிக் வகை அச்சுக்கம்பியைக் கோத்து மறுபடி நிறுத்தினோம். மூன்று நாளும் அசையவில்லை. முதலிலேயே கோத்திருக்கலாம்.

கூரியரில் வர வேண்டிய பேஸ்பிளேட் (மாதிரிகளை நிறுத்தும் அடித்தட்டு) பொட்டலம் ஒன்று தமிழ்நாட்டுப் பக்கம் போய்த் திரும்பி, வளைந்து வந்து சேர்ந்தது. எழுதிக் கேட்டோம், பதில் இல்லை. வரவு செலவை டீச்சர் வாசிப்பார்.

பனைமரத்தை வரும் ஞாயிறு பிரிக்கிறோம். இரவல் கொடுத்தவர்கள் நேரில் வந்து அவரவர் தலையை எண்ணி வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
செயலாளர்