ஏழாம் மாதமும் சர்க்கரைச் சோதனையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கருவுற்ற பெண்களுக்கு வரும் சர்க்கரை நோயைக் கண்டுபிடிப்பதில் தமிழ்நாடு பின்தங்கவில்லை. கர்ப்பிணிகள் அனைவருக்கும் இந்தப் பரிசோதனை கட்டாயம் என்று 2007-லேயே முடிவெடுத்த மாநிலம் இது. அதற்காகப் பாடுபட்ட சென்னை மருத்துவர் வீ. சேஷையாவின் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் நாடே விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடுகிறது. கண்டுபிடித்த பிறகு எங்கள் நெல்லைச் சீமை வீடுகளில் நடப்பதுதான் எனக்குக் கவலை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். அளவு 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால சர்க்கரை நோய். முதலில் பதிவு செய்யப் போகும்போது ஒரு தடவை. அதில் ஒன்றும் இல்லையென்றாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாமல் தடுப்பது அந்த வாரங்களில்தான் வலுக்கிறது. நம் வீடுகளில் வளைகாப்பு நடப்பதும் ஏறக்குறைய அப்போதுதான். தாம்பாளம் தாம்பாளமாக அல்வாவும் லட்டும் வந்து இறங்க, வளையல் போட்ட கையோடு பெண் தாய்வீட்டுக்குப் புறப்படுகிறாள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. செவிலியர் உணவு முறையைச் சொன்னது மாமியாரிடம். இனிச் சமைக்கப்போவது தாய். எங்கள் தெருவுக்கு அப்படி வந்த ஒரு பெண் சோற்றைக் குறைத்துக் கேட்டதும், "அங்கே உன்னைப் பட்டினி போட்டுவிட்டார்களா?" என்று தாய் கலங்கிப் போனார். மறுநாள் காலையிலேயே கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தார். பாசத்தில் குறை சொல்ல முடியுமா? ஆனால் சீனிக்குப் பதில் கருப்பட்டி என்றால் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் அசைக்க முடியாததாக இருக்கிறது. கருப்பட்டிக் காபியும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

இதற்கு நேர்மாறான பயமும் உண்டு. சர்க்கரை என்று தெரிந்ததும் சில பெண்கள் ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்திவிடுகிறார்கள். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பது ஆபத்து. மூன்று வேளையும் அளவாகச் சாப்பிட்டு, இடையில் சுண்டலோ மோரோ எடுத்துக்கொள்ளலாம். சொதி வைக்கும் நாளில் சொதியை விட்டுவிட வேண்டியதில்லை. தட்டில் சோற்றைக் குறைத்து, காய்களையும் முட்டை, மீனையும் கூட்டினால் போதும். சாப்பிட்ட பின் கொஞ்ச நேரம் நடப்பது மிகவும் நல்லது. நாள் முழுக்க உட்கார்ந்து பீடி சுற்றும் முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் பெண்களுக்கு இதை இரண்டு முறை சொல்ல வேண்டும்.

இரண்டு வாரம் இப்படி இருந்தும் வெறும் வயிற்றில் 95-க்குக் கீழும், சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழும் வரவில்லை என்றால் மருத்துவர் மாத்திரையோ இன்சுலினோ தருவார். "ஊசி போட ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விடாது" என்று மறுக்கிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. பெரும்பாலோருக்குப் பிரசவத்தோடு அது நின்றுவிடுகிறது. இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதும் இல்லை. கட்டுப்படாத சர்க்கரைதான் தாண்டிப் போகிறது. அதனால் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருத்துப் பிரசவம் சிக்கலாகிறது; பிறந்த சில மணி நேரத்திலேயே குழந்தையின் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடுகிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழந்தை பிறந்து ஆறு வாரம் கழித்துத் தாய்க்கு அதே குளுக்கோஸ் பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டும். இதைத்தான் நாம் அடியோடு மறந்துவிடுகிறோம். பெண் அப்போது தாய்வீட்டில் இருப்பாள், அல்லது மாமியார் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருப்பாள். பதிவு ஓர் ஊரில், பிரசவம் பாளையங்கோட்டையில், தடுப்பூசி வேறோர் ஊரில். குழந்தையின் ஊசி தேதியை மறக்காத குடும்பம் தாயின் ரத்தப் பரிசோதனையைக் கேட்பதே இல்லை. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் வருடா வருடம் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

சுகாதாரத் துறைக்கு உங்கள் இதழ் வழியாக இரண்டு வேண்டுகோள்கள். அங்கன்வாடிகள் மூலம் நடக்கும் சமுதாய வளைகாப்பு விழாவுக்குப் பெண்ணின் தாயையும் மாமியாரையும் சேர்த்து அழையுங்கள். கணவரும் வந்தால் இன்னும் நல்லது. உணவு முறையை எல்லோர் முன்னிலையிலும் ஒரே தடவையாகச் சொல்லிவிடலாம். அடுத்தது, சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட பெண் தாய்வீட்டுக்குப் போகும்போது, பிக்மி எண்ணோடு (கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் எண்) அந்த ஊர்க் கிராம சுகாதார செவிலியருக்குத் தகவல் போகட்டும். குழந்தையின் ஆறாவது வார ஊசிக்கு வரும் அன்றே தாய்க்கும் ரத்தம் எடுத்துவிட்டால் தனியாக ஒரு நாள் அலைய வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
அம்பாசமுத்திரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.